லிம்போமா நோயாளிகளின் பழைய திசு பிளாக்குகளை அழிக்காமல் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்
வைரஸ் சார்ந்த புற்றுநோய்களின் ஆய்வாளர்,
நோய்க்கூற்றியல் பிரிவு.

பெறுநர்
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை.

பொருள்: பழைய பயாப்சி பிளாக்குகளை அழிக்கும் உத்தரவை நிறுத்திவைப்பதும், அவற்றைப் பாதுகாக்க இடம் ஒதுக்குவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வைரஸ்களால் வரும் புற்றுநோய்களை, குறிப்பாக லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயை ஆராய்ந்து வருகிறேன். எங்கள் பிரிவில் சேர்ந்துள்ள பழைய பயாப்சி பிளாக்குகளை, வைக்க இடமில்லை என்ற காரணத்தால் அழித்துவிட முடிவாகியிருக்கிறது. அந்த முடிவைத் தாங்கள் தலையிட்டு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நோயாளியின் கழுத்திலோ அக்குளிலோ கட்டிய நெறியிலிருந்து எடுத்த சிறு துண்டைப் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து வைப்பதுதான் பிளாக். நோய் இன்னதென்று அறிக்கை கொடுத்த பிறகு அதற்கு வேலையில்லை என்று தோன்றலாம். எங்கள் ஆய்வு தொடங்குவதே அங்கேதான். சிலவகை லிம்போமாக்களோடு தொடர்புள்ள எப்ஸ்டீன்-பார் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் பெரியவர்கள் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் அந்தத் தொற்றைச் சுமக்கிறார்கள். மிகப் பெரும்பாலோருக்கு அதனால் புற்றுநோய் வருவதில்லை. ஆகவே தொற்று உண்டென்று ரத்தப் பரிசோதனை சொன்னால் மட்டும் போதாது. கட்டியின் செல்லுக்குள்ளேயே வைரஸ் குடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் திசு வேண்டும். ஆண்டுகள் பல கடந்த பிளாக்கிலும், செல்லுக்குள் அந்த வைரஸின் ஆர்.என்.ஏ இருப்பதைக் காட்டும் ஈபர் (EBER) பரிசோதனையால் அதைக் கண்டுபிடிக்க முடிகிறது.

அந்த வைரஸ் கிடைத்த கதையையே தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வந்த கட்டிகளை அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1958-இல் விவரித்தார். அந்தக் கட்டிகளின் மாதிரிகள் லண்டனில் ஆய்வு செய்துவந்த ஆன்டனி எப்ஸ்டீனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. 1963 டிசம்பரில் வந்த ஒரு மாதிரி, மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டதால் தாமதமாகி, திரவம் கலங்கிப்போய் வந்து சேர்ந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்று அதைக் கொட்டியிருக்கலாம். எப்ஸ்டீன் நுண்ணோக்கியில் பார்த்தார். மிதந்தவை உயிருள்ள கட்டி செல்கள். அவற்றை வளர்த்ததில்தான் 1964-இல் மனிதப் புற்றுநோயோடு தொடர்புள்ள முதல் வைரஸ் வெளிப்பட்டது.

இன்னொரு காரணம் காலம். தாய்ப்பால் வழியே குழந்தைக்குத் தொற்றக்கூடிய எச்.டி.எல்.வி-1 வைரஸ், டி-செல் என்னும் வெள்ளை ரத்த அணுக்களின் புற்றுநோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். இவ்வளவு நீண்ட இடைவெளியுள்ள நோயை இன்றைய நோயாளிகளை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள இயலாது. பழைய திசு அழிந்தால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று தாங்கள் கேட்பது நியாயம். மண்ணீரலில் வரும் ஒருவகை லிம்போமா, ஹெபடைடிஸ் சி தொற்று உள்ளவர்களிடம் வைரஸ் எதிர்ப்புச் சிகிச்சையாலேயே தணிந்ததை 2002-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதே நோய் இருந்தும் அந்த வைரஸ் இல்லாதவர்களுக்கு அந்த மருந்து பலன் தரவில்லை. கட்டிக்குப் பின்னால் எந்த வைரஸ் இருக்கிறது என்று அறிவது சிகிச்சையையே மாற்றக்கூடும்.

ஆகவே, அழிக்கும் பணியை உடனே நிறுத்தி, உலர்ந்த, வெப்பம் ஏறாத அறை ஒன்றை ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். குளிர்பதனப் பெட்டி தேவையில்லை; அலமாரிகளும் பதிவேட்டைக் கணினியில் ஏற்ற ஒருவரும் போதும். பெயர் நீக்கி, அடையாள எண் மட்டும் இட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் திசுக்களைப் பயன்படுத்துவோம். அந்த மனிதர்கள் தங்கள் உடலிலிருந்து கொடுத்ததற்கு நாங்கள் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

இத்துடன் தொடர்புடைய ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லிம்போமாவுக்குத் தரும் ரிட்டுக்சிமாப் மருந்து, உடலில் அடங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை மீண்டும் கிளப்பிவிடலாம். கல்லீரல் செயலிழந்து உயிரே போகலாம். முதல் ஊசிக்கு முன்னரே ரத்தப் பரிசோதனை செய்தால் தடுப்பு மருந்து கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். அந்தப் பரிசோதனை எவருக்கும் விடுபடாதபடி எல்லா மருத்துவமனைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன்.

பிளாக்குகளை நேரில் பார்வையிடத் தாங்களோ தங்கள் பிரதிநிதியோ வந்தால், பதிவேடுகளுடன் விளக்கக் காத்திருக்கிறேன். அதுவரையிலாவது அவற்றைத் தொடக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)