ஸ்டோரேஜ் பெட்டிக்கு யுபிஎஸ் வாங்கியதோடு வேலை முடியவில்லை

கணினி அறைகளின் பொறுப்பில் இருக்கும் நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

உங்கள் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியின் (பல கணினிகள் நெட்வொர்க் வழியாகப் பகிரும் டிஸ்க்குகள் உள்ள பெட்டி) பின்புறத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். யுபிஎஸ்ஸிலிருந்து கரண்ட் ஒயர் மட்டும் வந்து, யுஎஸ்பி ஒயர் வரவில்லையென்றால், மின்தடை வந்தது அந்தப் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. பேட்டரி தீரும்வரை எழுதிக்கொண்டிருந்து, எழுதும்போதே அணைந்துவிடும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு 5 அமைப்பில் தரவு ஒரு டிஸ்க்கில் பதிந்து, அதற்குரிய பாரிட்டி (ஒரு டிஸ்க் பழுதானால் தரவை மீட்க உதவும் கணக்கு) இன்னொன்றில் பதிவதற்குள் மின்சாரம் நின்றால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. பின்னாளில் ஒரு டிஸ்க் பழுதாகி, மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும்போதுதான் அந்தச் சேதம் வெளியே வரும்.

ஒயரைச் செருகி, பெட்டியின் அமைப்புகளில் யுபிஎஸ் வசதியை இயக்குங்கள். நீங்களே லினக்ஸில் அமைத்த பெட்டி என்றால் நட் எனப்படும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருள் வேண்டும். யுஎஸ்பி உள்ள பல மாடல்களுக்கு அதன் யுஎஸ்பிஹிட்-யுபிஎஸ் டிரைவர் போதும்.

'பேட்டரி குறைவு' எச்சரிக்கை வந்த பிறகு அணைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். தேய்ந்த பேட்டரி 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்து சட்டென்று விழுந்துவிடும். நேரக் கணக்குதான் நம்பகமானது. ஸ்டோரேஜ் வழக்கம்போல் அணைய 4 நிமிடம் எடுக்கிறது என்று வையுங்கள். மின்தடை வந்த 5ஆவது நிமிடத்தில் தொடங்கினால் 9ஆவது நிமிடத்தில் முடியும். அப்படியானால் அதே லோடில் யுபிஎஸ் குறைந்தது 18 நிமிடமாவது தாங்க வேண்டும். பேட்டரி தேயத் தேயப் பாதிதான் கைக்கு வரும். நட்டில் இதற்கு யுபிஎஸ்ஸ்கெட் என்ற டைமர் கருவி இருக்கிறது: மின்தடை வந்ததும் 300 வினாடி டைமர் ஓடட்டும், கரண்ட் வந்தால் டைமர் ரத்தாகட்டும்.

ஸ்டோரேஜிலிருந்து தரவை எடுக்கும் சர்வர்கள் இருந்தால் அவை முதலில் அணைய வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நட்டில், யுஎஸ்பி ஒயர் உள்ள முதன்மைக் கணினி (இங்கே ஸ்டோரேஜ் பெட்டி), மற்றவை தொடர்பிலிருந்து விலகுவதற்காக இயல்பாக 15 வினாடிதான் காத்திருக்கும். சர்வரோ அணையத் தொடங்கியதுமே தொடர்பைத் துண்டித்துவிடும். அதில் ஓடும் மெய்நிகர் கணினிகள் (சர்வருக்குள் மென்பொருளாக இயங்கும் கணினிகள்) அப்போதும் ஸ்டோரேஜில் எழுதிக்கொண்டிருக்கும். ஆகவே சர்வர்களில் தனி டைமர் வைத்து 2ஆவது நிமிடத்திலேயே அவற்றை அணையுங்கள். மின்தடை வந்த செய்தி சர்வர்களுக்கு நெட்வொர்க்கில் 3493 என்ற எண்ணுள்ள போர்ட் வழியாகப் போகிறது. நடுவிலுள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் யுபிஎஸ்ஸில் இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் போய்ச் சேராது.

இன்னொரு சிக்கல்: பெட்டி அணைந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிடுவது. பெட்டியின் பார்வையில் மின்சாரம் நிற்கவே இல்லை. அதனால் 'மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கு' என்ற அமைப்பு பயன்படாமல், யாராவது பொத்தானை அழுத்தும்வரை அணைந்தே கிடக்கும். கடைசிக் கட்டத்தில் யுபிஎஸ்ஸே தன் அவுட்புட்டை நிறுத்தி, பிறகு திரும்பத் தர வேண்டும். மேலே சொன்ன டிரைவரில் நிறுத்துவதற்கு 20 வினாடி, திரும்பத் தருவதற்கு 30 வினாடி என்பது இயல்பு அளவு. இரண்டாவது எண் எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். பெட்டியோடு வரும் மென்பொருளில் இது தனித் தேர்வாக இருக்கலாம். தேடிப் பார்த்து இயக்குங்கள்.

இவ்வளவும் செய்து சோதிக்காமல் விட்டால் செய்யாததற்குச் சமம். பயனர்கள் இல்லாத நேரத்தில், பேக்கப் எடுத்த பிறகு, யுபிஎஸ்ஸுக்குப் போகும் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். எர்த்தும் சேர்ந்து போய்விடும். எது எந்த நிமிடத்தில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு முறை, பாதி அணைந்த நிலையில் ஸ்விட்சைப் போட்டு, எல்லாம் தானாக எழுகிறதா என்று பாருங்கள்.

ஈய-அமில பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டு உழைக்கும், சூடான அறையில் அதற்கும் குறைவு. மாற்றிய தேதியை யுபிஎஸ்ஸின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் டிஸ்க்குகளைக் கூட்டினால் லோடும் அணையும் நேரமும் மாறும். அன்றைக்கே அந்த நிமிடக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.