எடைக்குப் போடுவதற்கு முன்னால்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரிந்திருக்கும். உள்ளங்கைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்து, கல்லாவுக்கு முன்னால் விரித்து, "அண்ணே, இது இருக்குமா?" என்று கேட்கிற ஆள் நான்தான். நீங்களும் அதைக் கையில் வாங்காமலே "மாடல் போயிருச்சு தம்பி, இதெல்லாம் இப்ப வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு பிரேக் ஷூ எடுக்கப் போய்விடுவீர்கள். அதில் வருத்தமில்லை. புது வண்டிக்காரர்கள் நாலு பேர் நிற்கும்போது பழைய வண்டிக்காரன் ஒருத்தனுக்காக ஏணி போட்டு மேல் தட்டில் ஏற யாருக்கும் மனசு வராது. ஆனால் பழைய மாடல் சாமான்கள் கிடக்கும் அந்த மேல் தட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

என்னிடம் இருப்பது அப்பா 1991இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி. இன்ஜின் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. படுத்துவதெல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு சாமான்கள்தான். போன ஐப்பசி மழையில் கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்ட ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் முகப்பில் ஆத்தங்குடிக் கல்லின் மேல், சிவப்புப் பூவும் பச்சை இலையுமாக இருந்த இடத்தில், தாம்பாளம் அகலத்துக்குக் கறை. "உங்கப்பா இருந்தா வண்டிய வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டாரு" என்றார் அம்மா. கறையைச் சொன்னாரா, வண்டியைச் சொன்னாரா, தெரியவில்லை.

கழற்றிப் பார்த்தால் நீடில் வால்வு. கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவை மேலே எழும்பி, இந்த ஊசியைத் தள்ளித் துவாரத்தை அடைக்க வேண்டும். ஊசி முனையில் ஒரு மயிரிழைத் தேய்மானம் விழுந்துவிட்டால் அடைக்காது, சொட்டும். அவ்வளவுதான் கோளாறு. ஒரு கடையில் ரிப்பேர் கிட் வாங்கினேன். பளபளவென்று கம்பெனி கவர் மாதிரியே அச்சடித்த கவர். மூன்றே வாரத்தில் முனை ரப்பர் உப்பிப்போய் ஊசி சிக்கிக்கொண்டது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். மட்டமான ரப்பர் அதில் ஊறிய கொண்டைக்கடலை ஆகிவிடுகிறது. இன்னொரு கடையில் "புது கார்பரேட்டரே மாட்டிருங்க" என்றார்கள். செருப்பு வார் அறுந்ததற்குக் காலையே மாற்றச் சொன்ன கதை!

கடைசியில் ஒரு பெரியவர் கடை. ஷட்டரைப் பாதிதான் தூக்கி வைத்திருப்பார். நான் நீட்டிய ஊசியைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். அதற்குள் எண்ணெய்க் காகிதத்தில் மடித்த நாலு ஊசிகள், ஒவ்வொன்றோடும் ஊசி முனை உட்காரும் பித்தளை சீட். "ஊசிய மட்டும் மாத்தாதீக, ரெண்டும் சோடி" என்றார். அறுபது ரூபாய் வாங்கினார். அன்றைக்கு நின்ற சொட்டு இன்றுவரை இல்லை.

தை மாதம் கிராங்க் ஆயில் சீலுக்காக, அதாவது இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையத்துக்காக, அதே கடைக்குப் போனேன். டூ ஸ்ட்ரோக்கில் அந்த சீல் போனால் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, பெட்ரோல் கலவை வறண்டு, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், தள்ளிப்போட முடியாது. கடையில் பூட்டு. பெரியவர் மார்கழியிலேயே போய்விட்டார். கடையைக் காலி செய்தவர்கள் சரக்கு மொத்தத்தையும் காயலான் கடைக்கு எடை போட்டுவிட்டார்களாம். அங்கேயும் ஓடினேன். பித்தளை தனி, அலுமினியம் தனி என்று பிரித்து ஏற்கெனவே லாரி ஏற்றியாயிற்று. ரப்பர் சாமான்களைக் குப்பையோடு கொளுத்திய கரி மட்டும் மூலையில் கிடந்தது. நான் தேடிப் போன சீலும் அதற்குள் இருந்திருக்கலாம்.

நம் ஊரில் இது நடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முனீஸ்வரன் கோவில் தெருவில் போய்ப் பாருங்கள். இடித்த வீட்டுத் தேக்குத் தூண், துருப்பிடித்த பூட்டு, பக்கம் நெளிந்த எனாமல் கிண்ணம், யாரென்றே தெரியாத ஆச்சியின் போட்டோ என்று எல்லாவற்றுக்கும் விலை உண்டு; வெளியூர்க்காரன் வந்து பேரம் பேசி வாங்கிப் போகிறான். பழையதைக் காசாக்கத் தெரிந்த ஊர் இது. அதே ஊரில், பூட்டிக் கிடக்கிற வண்டியை ஓட வைக்கும் சாமான் கிலோ கணக்கில் போகிறது.

உங்கள் சங்கடமும் புரிகிறது. டெட் ஸ்டாக் என்றால் முடங்கிக் கிடக்கும் பணம். வாடகை ஏறுகிறது, எலி கடிக்கிறது. அதனால் இலவசமாகப் பாதுகாத்து வையுங்கள் என்று கேட்கவில்லை. கூடுதலாகவே விலை சொல்லுங்கள். நாற்பது ரூபாய்ச் சாமானுக்கு முந்நூறு கேட்டாலும் தருவேன். பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போய், புதுப்பேட்டை ஸ்பேர்ஸ் கடைகளில் ஒரு நாள் அலைவதைவிட அது மலிவு.

கவரை மட்டும் கிழித்துப் போடாதீர்கள். சாமானைவிடச் சில சமயம் அதில் இருக்கும் எண்தான் பெரிது. யமஹா எண்ணில் முதல் மூன்று எழுத்து, அந்தச் சாமானை முதன்முதலில் எந்த மாடலுக்குச் செய்தார்கள் என்பதைச் சொல்லும். அடுத்த ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்பது: 1இல் தொடங்கினால் இன்ஜின், 2 என்றால் சேஸிஸ் எனும் வண்டிச் சட்டம், 8 என்றால் எலக்ட்ரிக்கல். இது தெரிந்தால் "ஆர்எக்ஸுக்கு இல்லை" என்ற பேச்சு பாதி குறையும். வேறு மாடல் பெயரில் உங்கள் தட்டிலேயே அது தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆயில் சீலில் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என மூன்று எண் இருக்கும். பேரிங்கில் 6203 என்றிருந்தால் எந்தக் கம்பெனி செய்தாலும் அதே வரிசையில் 17, 40, 12 மில்லிமீட்டர்தான். மோட்டார் பம்பு கடையிலும் கிடைக்கும். கிராங்குக்கு மட்டும் சி3 என்று போட்டது வேண்டும். சூட்டில் விரிய இடம் விட்டுச் செய்தது அது. இதைச் சொல்லாமல் சாதாரணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

போல்ட்டும் அப்படித்தான். 10 மில்லி என்று ஹார்டுவேர் கடையில் கொடுப்பதில் மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லி. ஜப்பான் வண்டியில் பெரும்பாலும் 1.25. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் உள்மரையைத் தின்றுவிடும். தின்ன வைத்த பாவி நானேதான். லேத் பட்டறையில் அதற்குக் கொடுத்த காசை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது.

லோக்கல் என்றால் லோக்கல் என்றே சொல்லிக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். மிரர், கைப்பிடி ரப்பரெல்லாம் லோக்கலே போதும். பெட்ரோலும் நெருப்பும் தொடுகிற இடத்தில் மட்டும் ஏமாற்ற வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலையில்லை. உங்கள் மேல் தட்டைத் தூசி தட்டி, சாமானைப் பிரித்து, எண்ணையும் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதித் தருகிறேன். கூலி வேண்டாம். தேவகோட்டையில் ஒரு கடையில் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து எழுதியதில், கடைக்காரருக்கே நினைவில்லாத பதினோரு கிளட்ச் கேபிள் கிடைத்தது. அதில் மூன்றை அந்த வாரமே விற்றுவிட்டார். ஏணி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், என்னுடையது ஆடுகிறது.

இப்படிக்கு,
கிராங்க் சீல் இன்னும் கிடைக்காத ஆர்எக்ஸ்காரன்,
காரைக்குடி