மாலை வகுப்புக்குக் கைகொடுத்த திருப்பூர்க்காரர்களுக்கு

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் மாலை வகுப்பில் தமிழ் படிக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த ஆண்டு பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். ஆதார், டிசி என்று இழுத்தடிக்காமல் முதலில் பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்த தலைமை ஆசிரியைக்கு என் முதல் நன்றி.

அடுத்து, வளவில் குடியிருக்கும் அக்காக்களுக்கு. வெளியூர் ஆட்கள் வருவதால் ஊருக்கு என்ன ஆகிறது என்று பேசுகிறவர்கள் உங்கள் குழாயடிக்கு வந்து பார்க்க வேண்டும். ஆர்டர் கூடினால் கம்பெனிக்கு லாபம், அறை நிரம்பினால் வீட்டுக்காரருக்கு வாடகை. நல்ல தண்ணீர் மட்டும் முன்பு வந்த அளவுதான் வருகிறது. கக்கூஸ் வாசலில் காத்து நிற்பதும், வாடகை ஏறியதில் திணறுவதும் நீங்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதைப் புதிதாக வந்த பெண்கள்மீது காட்டாமல், குடம் வைக்கும் முறையை அவர்களையும் சேர்த்துப் பேசி முடிவு செய்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்ல? கூடுதல் தண்ணீர் கேட்டு மாநகராட்சிக்குக் கொடுத்த மனுவில் அவர்கள் கையெழுத்தையும் வாங்கினீர்கள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் சொல்ல வேண்டும். "அவன் குறைஞ்ச கூலிக்கு வர்றான், நம்ம பொழப்பு போகுது" என்ற பேச்சு செக்கிங், அயர்னிங் டேபிள்களில் இன்றும் உண்டு. கூலியைக் குறைப்பது கான்ட்ராக்டர் என்பதை நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். ஒரே மாதிரி வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் குறையாத கூலி என்று 1979-இல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அது நடந்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ஹோலிக்கு முன்பே ஜனங்கள் பயந்து ரயில் ஏறினார்கள். பீகார் அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது. அந்த நாட்களில் மளிகைக்கடை அண்ணன் ராத்திரி கடை சாத்தியதும் அறை அறையாகப் போய், தனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில் தைரியம் சொன்னார். அண்ணா, அன்று நீங்கள் பேசியதால் ஊருக்குக் கிளம்பாமல் நின்ற குடும்பங்களின் பிள்ளைகள்தான் இப்போது நம் வகுப்பில் சத்தமாகப் பாடம் வாசிக்கிறார்கள்.

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு காலத்தில் பெட்டியோடு வந்து இறங்கியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். வகுப்புக்குப் பாய், பலகை, பழைய புத்தகம் கொண்டுவந்து கொடுத்ததில் நீங்கள்தான் அதிகம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஓவர்டைம் இருக்கும் நாட்களில் அம்மா அப்பா இருவரும் ராத்திரிதான் திரும்புகிறார்கள். வகுப்பு முடிந்தபின் சின்னப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இருக்க முடிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
மாலை வகுப்பு டீச்சர்