சுற்றுவட்டத்தில் பிழை யாருடையது: மகளுக்கு ஒரு கடிதம்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மகளுக்கு,

பிரித்தானியாவின் மில்டன் கீன்ஸில் ஒரு சுற்றுவட்டத்தில் உன் காரும் இன்னொரு காரும் முட்டுப்பட்டது பற்றி நீ அனுப்பிய ஆறு படங்களும், கையால் வரைந்த வரைபடமும், எதிர்த்தரப்பின் காப்புறுதிக்காரர் உனக்கு எழுதிய கடிதத்தின் பிரதியும் கிடைத்தன. உனக்கும் பேரனுக்கும் ஒரு கீறலும் இல்லை என்பதைத் தொலைபேசியில் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் அவற்றை ஆறுதலாக இருந்து பார்க்க எனக்கு மனம் வந்தது. பாதிப் பிழையை ஏற்றுக்கொண்டு அலுவலை முடித்துவிடுவோம் என்று மருமகன் சொல்வதாகவும், அம்மா என்ன நினைக்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தாய். நான் சட்டத்தரணி அல்ல. நீதிமன்றப் பதிவறையில் 27 வருடம் விபத்து வழக்குகளின் கோவைகளைக் கட்டி அவிழ்த்தவள் மட்டுமே. ஆனாலும், ஒரு வரைபடத்தைப் பார்த்தால் எந்தக் கோடு பொய் சொல்கிறது என்று ஓரளவு தெரியும்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பிழை என்று நீ கையெழுத்து வைக்கக் கூடாது. அதேவேளை, உன்மீது பிழையே இல்லை என்றும் எழுதக் கூடாது.

உன் கடிதத்தில் இரண்டு வேறு விடயங்களை ஒன்றாகக் கலந்திருக்கிறாய். சுற்றுவட்டத்துக்குள் நுழைகின்றவர் வலப்பக்கத்திலிருந்து வருகின்றவருக்கு வழிவிட வேண்டும் என்பது ஒரு விதி. பிரித்தானியாவிலும் இங்கும் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாக ஓடுவதால் வட்டம் மணிக்கூட்டு முள்ளின் திசையில் சுற்றுகிறது. ஆகையால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர், நுழையக் காத்திருப்பவருக்கு எப்போதும் வலப்பக்கத்திலிருந்தே வருவார். பிரித்தானியாவில் இந்த விதி 1966 நவம்பரில்தான் நாடு முழுவதற்கும் பொதுவாக்கப்பட்டது. அதற்கு முன்னர், நுழைகின்றவர்கள் உள்ளே சுற்றுகின்றவர்களை மறிக்க, வெளியேற வேண்டியவர்கள் வாயிலை அடைய முடியாமல் நிற்க, வாகனம் கூடிய நேரங்களில் வட்டம் முழுவதும் இறுகிப் பூட்டிக்கொள்வது வழக்கமாக இருந்தது. நம் யாழ்ப்பாணத்துப் பண்ணைச் சுற்றுவட்டத்தில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் யாராவது ஒருவர் பெருந்தன்மையாக உள்ளே நின்று, நுழைகின்றவருக்குக் கைகாட்டி வழிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நீயே பார்த்திருக்கிறாய். ஆனால் உனக்கு நேர்ந்தது இந்த வகை மோதல் அல்ல. நீங்கள் இருவரும் ஒரே வாயிலால், பக்கத்துப் பக்கமாக, ஒரே நேரத்தில் உள்ளே போனவர்கள். எனவே, "நான் அவருக்கு வலப்பக்கத்தில் இருந்தேன், ஆகவே அவர்தான் எனக்கு வழிவிட்டிருக்க வேண்டும்" என்று நீ எழுதியிருக்கும் வாக்கியத்தைத் தயவுசெய்து வெட்டிவிடு. அது நிற்காது, நிற்காத ஒரு வாக்கியம் நிற்கக்கூடிய மற்ற வாக்கியங்களையும் சேர்த்து விழுத்திவிடும்.

உன் வழக்கு நிரையைப் பற்றியது. (நீ 'லேன்' என்று எழுதியிருந்தாய். இங்கே அரசாங்கக் கடிதங்களில் அதை 'ஒழுங்கை' என்கிறார்கள். எனக்கோ ஒழுங்கை என்றதும் நம் வீட்டுப் படலையும் கிடுகு வேலியும்தான் கண்ணில் வருகின்றன. ஆகவே நிரை என்றே எழுதுகிறேன்.) அங்குள்ள வீதி ஒழுங்குக் கையேட்டின் 186ஆம் விதி, இடப்பக்கம் திரும்புகின்றவர் இட நிரையிலும், வலப்பக்கம் திரும்புகின்றவரும் முழுவட்டம் சுற்றுகின்றவரும் வல நிரையிலும் வட்டத்தை அணுக வேண்டும் என்கிறது. இடையிலுள்ள வாயிலால் போகின்றவர் பொருத்தமான நிரையைத் தெரிந்துகொண்டு, வெளியேறத் திரும்பும்வரை அதிலேயே இருந்து, தன் வாயிலுக்கு முந்திய வாயிலைக் கடந்த பிறகு இடப்பக்கச் சிக்னல் போட வேண்டும். இவை யாவும் பலகையோ வீதி அடையாளமோ வேறுவிதமாகக் காட்டாதவிடத்து மட்டுமே பொருந்தும். உன் மூன்றாவது படத்தில், நீ நின்ற வல நிரையில் நேராகவும் வலமாகவும் காட்டும் அம்புக்குறியும், அவர் நின்ற இட நிரையில் இடமாகவும் நேராகவும் காட்டும் அம்புக்குறியும் தெரிகின்றன. அப்படியானால் நேரே இரண்டாவது வாயிலால் வெளியேற உனக்கு உரிமை இருந்தது; இட நிரையில் இருந்துகொண்டு மூன்றாவது வாயிலுக்குச் சுற்றிப்போக அவருக்கு உரிமை இருக்கவில்லை. நீ நிரை மாறி அவர் பாதைக்குள் புகுந்தாய் என்று அவருடைய காப்புறுதிக்காரர் எழுதியிருப்பதற்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

நெளிவு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். உன் காரின் முன் இட மட்காட் நெளிந்து, அவருடைய வலப்பக்கக் கதவு உள்வாங்கியிருந்தால், முன்னே நின்றவர்மீது நீ போய்ச் சாத்தினாய் என்று எவரும் வாசிப்பார்கள். படத்திலோ உன் இடப்பக்கப் பின்கதவும் பின்சில்லுக்கு மேலுள்ள தகடும்தான் நெளிந்திருக்கின்றன. அவருடைய பம்பரின் வல மூலை உடைந்திருக்கிறது. நீ பெரும்பாலும் அவரைக் கடந்து வாயிலுக்குத் திரும்பிவிட்ட பிறகே அவர் வந்து முட்டியிருக்கிறார். கோவைகளில் நான் கண்டவரை, சாட்சிகள் வருடக்கணக்கில் மாற்றி மாற்றிப் பேசினாலும் தகரம் ஒரே கதையைத்தான் சொல்லும்.

இனி உன் பக்கத்துக்கு வருகிறேன். சிக்னலைச் சற்றுத் தாமதமாகப் போட்டதாகவும், இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேனா என்று நினைவில்லை என்றும் நீயே எழுதியிருக்கிறாய். நினைவில்லை என்றால் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நீ சிக்னலை நேரத்துக்குப் போட்டிருந்தால், பிழையான நிரையில் நின்றவருக்கும் கால் பிரேக்குக்குப் போயிருக்கலாம். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. துவிச்சக்கரவண்டியில் போகின்றவர்களும் குதிரையில் போகின்றவர்களும் வட்டத்தைச் சுற்றிப் போவதானாலும் இட நிரையிலேயே நிற்கலாம் என்று அதே கையேடு சொல்கிறது. 2022இல் திருத்தியபோது சைக்கிளில் போகின்றவர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதினார்கள். உன் இடப்பக்கத்தில் அன்று வந்தது கார் அல்லாமல் ஒரு சைக்கிளாக இருந்திருந்தால், இந்தக் கடிதத்தில் நான் உனக்காக வாதாட ஒரு வரியும் இருந்திருக்காது.

அந்த மனிதர்மீது எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னர், பண்ணையில் ஸ்கூட்டியில் போகும்போது நானும் இதே வேலையைச் செய்தேன். வட்டத்தைச் சுற்றிக் கடைசி வாயிலுக்குப் போக வேண்டிய நான், பெரிய வாகனங்களுக்குப் பயந்து வெளிவிளிம்போடு ஒட்டிப் போனேன்; பாலத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வான் நிற்காமல் நுழைந்து என் பின்சில்லைத் தட்டியது. கூடிய சனம், "வான்காரன்தான் பிழை, பெரிய வாகனமெல்லோ" என்று தீர்ப்புச் சொல்லி, அவரிடம் காசு வாங்கித் தந்து அனுப்பியது. அவர் பிழைதான், ஆனால் வாகனம் பெரிதென்பதால் அல்ல, வலப்பக்கத்திலிருந்து வந்த எனக்கு வழிவிடாததால். நான் விளிம்பில் நின்று, வெளியேறுகின்றவள்போல் அவருக்குத் தோன்றச் செய்ததை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொல்லவில்லை.

பிழையைப் பங்கிடும் முறை அங்கு தெளிவாகவே இருக்கிறது. முன்னொரு காலத்தில் வழக்காளியின் பக்கத்தில் சிறு கவனக்குறைவு இருந்தாலும் முழு நட்டஈட்டையும் இழக்க நேரிட்டது. 1945ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி, ஒவ்வொருவரின் பிழைக்கும் ஏற்ற அளவில் நட்டஈட்டைக் குறைத்துக் கொடுக்க வழி செய்தது. கையேட்டை மீறுவது மட்டுமே குற்றமாகாது. ஆனால் பொறுப்பு யாருடையது என்று காட்ட அதை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டலாம் என்று அங்குள்ள 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. ஆகவே பாதிக்குப் பாதி என்பது சட்டம் விதித்த அளவல்ல; சுயாதீனமான சாட்சி இல்லாதபோது இரு காப்புறுதிக்காரரும் களைத்துப்போய் வந்து சேரும் இடம் அது. உனக்கோ அம்புக்குறியும் நெளிவும் இருக்கின்றன. பாதியை ஏற்றால் உரிமை கோராத வருடங்களுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் உனக்குத் தரும் கழிவும் குறையக்கூடும் என்பதை மருமகனுக்கு எடுத்துச் சொல். சிறுபங்கு உன்மீது விழுந்தால் அதை ஏற்றுக்கொள், அது நியாயம்.

புதிய வாக்குமூலத்தில், எந்த நிரையில் வந்தாய், எந்த வாயிலால் போக இருந்தாய், எப்போது சிக்னல் போட்டாய், எந்த இடத்தில் முட்டுப்பட்டது என்பவற்றை நடந்த ஒழுங்கில் எழுது. அவர் வேகமாக வந்தார் என்று எழுதாதே. நீ பின்னால் பார்க்கவில்லை, பிறகு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மில்டன் கீன்ஸில் ஏறக்குறையக் கிழக்கு மேற்காக ஓடும் எச் வீதியும் வடக்குத் தெற்காக ஓடும் வி வீதியும் வெட்டும் இடங்களில் பெரும்பாலும் சுற்றுவட்டம்தானே. ஆகவே எந்த எச், எந்த வி என்று எண்ணோடு குறிப்பிடு. வீதி அடையாளத்தைப் புதிதாகப் பூசுவதற்கு முன்னர், சாரதியின் இருக்கையில் இருந்து தெரியும் கோணத்தில் அம்புக்குறிகளை மருமகனைக் கொண்டு இன்னொரு தரம் படம் எடு. நீ ஓட்டிக்கொண்டு எடுக்காதே.

வரைபடத்தைத் திரும்ப வரைய வேண்டும். வாயில்களுக்கு எண் இல்லை, இரண்டு கார்களுக்கும் ஒரே நிறம், வடக்குக் குறியும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா