என்னை அவசரப்பட்டு மோட்சத்துக்கு அனுப்பிவிடாதே, மகன்

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.
நவம்பர் மாதம்.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நானும் அக்கா குடும்பமும் இங்கு சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் ரொறன்ரோவில் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். தொலைபேசியில் சாவைப் பற்றி நான் வாயெடுத்தாலே, "இப்ப ஏன் அம்மா அந்தக் கதை" என்று நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் அப்படி மாற்ற முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். எனக்குப் புதிதாக நோய் ஏதும் வரவில்லை, பயப்படாதே. சொந்தக் காலில் நடந்து பூசைக்குப் போகும் காலத்தில்தான் இதையெல்லாம் நிதானமாக எழுத முடியும். படுக்கையில் விழுந்த பிறகு எழுதினால் பயம் குறுக்கே நிற்கும்.

அண்மையில் நம் பங்குக் கோவிலைச் சேர்ந்த ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை பிரேதத்தை எம்பாம் செய்து வைத்திருந்தார்கள். விலையுயர்ந்த பெட்டி, வாசல் நிறைந்த மலர்வளையங்கள், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒளிப்பதிவுக்காரர். ஒருவர் பின் ஒருவராக ஒலிவாங்கியைப் பிடித்து, அம்மா இப்போது மோட்சத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பேசினார்கள். அவருக்காகச் செபியுங்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. 31ஆம் நாள் நினைவுப் பூசைக்குப் பிறகு அந்த ஆத்துமாவின் பெயர் கோவிலில் வாசிக்கப்பட்டதை நான் கேட்கவுமில்லை. கண்டியில் 1711இல் இறந்த மறைப்பணியாளர் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதர் என்று அறிவிக்கத் திருச்சபை 2015 வரை காத்திருந்தது. நாங்களோ செத்தவீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் பட்டம் கொடுத்துவிடுகிறோம். அன்பினால்தான் அப்படிப் பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அன்பு, இறந்தவருக்கு மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் அவரைச் செபமில்லாமல் விட்டுவிடுகிறது. என் விஷயத்தில் நீ அப்படிச் செய்யக் கூடாது. இந்தக் கடிதத்தில் நான் உன்னிடம் கேட்பது அதுதான்.

ஞானோபதேச வகுப்பில் நீ மனப்பாடம் செய்த நான்கு கடைசிக் காரியங்கள் உனக்கு நினைவிருக்கும்: மரணம், தீர்வை, மோட்சம், நரகம். உயிர் பிரிந்தவுடன் ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை, அதாவது கடவுள் முன் தனிப்பட்ட தீர்ப்பு, உண்டு, அதன்பின் மனந்திரும்பக் காலம் இல்லை என்று திருச்சபை மாறாமல் படிப்பித்து வருகிறது. ஆயினும் ஆண்டவருடைய நட்பில் இறந்தவர்களிலும், பாவத்தின் பழக்கங்களும் பழைய மனக்கசப்புகளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆன்மாக்கள் உண்டு. அவர்கள் கடவுளின் முகத்தைக் காண்பதற்கு முன் தூய்மையடைகிற நிலையைத்தான் உத்தரிக்கிற ஸ்தலம் என்கிறோம். சிலர் அதைச் சின்ன நரகம்போல நினைத்துப் பயப்படுகிறார்கள். நீயும் ஒருமுறை அப்படிச் சொன்னாய். படுவான்கரை வயலில் வேளாண்மை வெட்டிவிட்டுச் சேற்றோடு கலியாண வீட்டுக்கு வருகிறவனை, வீட்டுக்காரர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாலும், அவன் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டுத்தான் ஏறுவான். அவனை யாரும் வாசலில் மறிக்கவில்லை. தன் கால் அவனுக்கே தெரிகிறது. 16ஆம் பெனடிக்ட் பாப்பரசர் 2007இல் எழுதிய சுற்றுமடலில், எரித்தும் மீட்டும் தூய்மையாக்குகிற அந்த நெருப்பு கிறிஸ்துவே என்று சில இறையியலாளர் கருதுவதை எடுத்துக்காட்டி, அவருடைய பார்வைக்கு முன் நம் பொய்கள் எல்லாம் உருகிப்போகும் என்று விளக்குகிறார். அதை வாசித்த நாளிலிருந்து எனக்கு அந்த நிலையைப் பற்றிய பயம் குறைந்து, அங்கே இருப்பவர்களைப் பற்றிய கரிசனை கூடியது.

இறந்தவர்களுக்காகச் செபிப்பது நடுவில் வந்த வழக்கம் அல்ல. போரில் விழுந்த தம் வீரர்களுக்காக யூதா மக்கபே இரண்டாயிரம் வெள்ளித் திராக்மாக்களைத் திரட்டிப் பாவப்பரிகாரப் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூலில் வாசிக்கலாம். என்னோடு படிப்பித்த மெதடிஸ்த சபை ஆசிரியை ஒருவர், அந்த நூல் எங்கள் வேதாகமத்தில் இல்லையே என்று சொல்லிச் சிரிப்பார். வாதாடிக் களைத்து ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம். அவருடைய கணவர் இறந்த அன்று, "உன்னுடைய பூசையிலும் அவரை நினைத்துக்கொள்" என்று என் காதில் சொன்னார். நானும் நினைத்துக்கொண்டேன்.

நீ அங்கிருந்து வந்துசேர முடியாமல் போனால் மனம் உடைந்துபோவாய் என்பது எனக்குத் தெரிந்ததால், இனி எழுதுவதைக் கவனமாக வாசி. புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா, ஆபிரிக்காவிலுள்ள தன் ஊரில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் தனக்கும் இடம் ஆயத்தம் செய்து வைத்திருந்தவர். ஊர் திரும்புவதற்காகக் கப்பலை எதிர்பார்த்து ரோமைக்கு அருகிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்தில் தங்கியிருந்தபோது, 387இல் காய்ச்சல் கண்டு படுத்தார். சொந்த ஊரிலே இறந்தால் நல்லது என்று மற்ற மகன் சொன்னபோது அவனைக் கண்டிப்பாகப் பார்த்து, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்குங்கள், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டாராம். அகுஸ்தினார் இதை எழுதிய இடத்தில் என் நெஞ்சில் தைத்தது இன்னொன்று. இத்தனை கண்ணீரோடு தன்னை மீட்டெடுத்த தாயைக்கூட அவர் நேரே மோட்சத்தில் வைத்துவிடவில்லை. தாயின் பாவங்களை மன்னிக்கும்படி கடவுளிடம் மன்றாடுகிறார். வாசிக்கிறவர்களும் தன் தாயையும் தகப்பனையும் பீடத்தருகில் நினைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். மோனிக்காவுக்கே அது தேவைப்பட்டது என்றால் தாண்டவன்வெளியில் இருக்கிற உன் அம்மாவுக்குத் தேவைப்படாதா?

ஆகவே என் உடலை நீ வரும்வரை வைத்திருக்க வேண்டாம். அக்கா கள்ளியங்காட்டுச் சேமக்காலையில் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்வாள். நீ இருக்கிற ஊரில் பூசை ஒப்புக்கொடு, அது போதும். உடலை எரிப்பதைத் திருச்சபை 1963 முதல் தடுக்கவில்லை என்றாலும், மண்ணில் அடக்கம் செய்வதைத்தான் அது விரும்புகிறது. நானும் அதையே விரும்புகிறேன்.

யுத்த காலத்தில் நம் ஊரில் கல்லறையே இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர். புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைக் குரு ஹெபர்ட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். உன் மாமாவையும் அதே ஆண்டில்தான் கூட்டிச்சென்றார்கள். அம்மம்மா சாகும்வரை அவனுக்காக ஆத்தும பூசை வைக்க விடவேயில்லை. வைத்தால் மகன் இறந்துவிட்டான் என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்பது அவரது நினைப்பு. ஒவ்வோர் ஆண்டும் பங்குச் சுவாமி, யார் யாருக்காகப் பூசை என்று எழுதும் கருத்துப் புத்தகத்தைத் திறந்து, இறந்தவர் பக்கத்தையும் விட்டு, நோயாளிகள் பக்கத்தையும் விட்டு, ஓரத்தில் அவனுடைய பெயரை மட்டும் எழுதிக்கொள்வார். எந்தக் கருத்துக்கு என்று அந்தச் சுவாமி ஒருநாளும் கேட்டதில்லை. அம்மம்மா போன பிறகு, நானும் அக்காவும் யோசித்து, இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2ஆம் திகதி வாசிக்கும் பெயர்ப்பட்டியலில் அவனையும் சேர்த்தோம். உயிரோடு இருந்தாலும் அந்தச் செபம் வீணாகாது என்று சுவாமி சொன்னார். அவனைக் கூட்டிச்சென்றவர்கள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்களிலும் பலர் இப்போது இறந்திருப்பார்கள். அவர்களுக்காகவும் செபமாலையில் ஒரு மணி சொல்கிறேன். சில நாட்களில் அந்த மணியில் விரல் நகர மறுக்கிறது. நல்ல மரணத்துக்கு ஆயத்தம் செய்வது என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், எண்ணெய்க்கும் மெழுகுதிரிக்கும் முன்னதாக அந்த மணியைத்தான் சொல்வேன்.

எண்ணெய் என்றதும், நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருட்சாதனமான நோயில்பூசுதலை அப்பாவுக்குக் கொடுத்த நாளைப் பற்றி உனக்கு நான் விபரமாகச் சொல்லவில்லை. பேச்சு நிற்கும் முன்னமே சுவாமியைக் கூப்பிட்டோம். உறவினர் சிலர், சுவாமி வந்தால் நோயாளி மனம் விட்டுவிடுவார் என்று தடுத்தார்கள். நம் ஆட்களிடம் இது பெரிய பொல்லாப்பு. மூச்சு அடங்கிய பிறகுதான் ஓடிப்போய்க் கூப்பிடுவார்கள். இறந்தவருக்கு அந்த அருட்சாதனத்தைக் கொடுக்க முடியாது, செபம் மட்டுமே சொல்லலாம். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல அது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டிலருகே சிறிய மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபத்தையும் இரண்டு மெழுகுதிரிகளையும் தீர்த்தத்தையும் கொஞ்சம் பஞ்சையும் வைத்தேன். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அப்பா நெடுநேரம் பாவசங்கீர்த்தனம் செய்தார். பிறகு சுவாமி அவருடைய நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். முழு நற்கருணை அப்பத்தையும் விழுங்க இயலாததால், நகத்தளவு பிய்த்து ஒரு கரண்டித் தண்ணீரோடு, கடைசிப் பயணத்துக்கான வழியுணவாகக் கொடுத்தார். அன்று பின்னேரம் அப்பா தானாகவே, காணிப் பிணக்கில் பேசாதிருந்த தன் தம்பியைக் கூட்டிவரச் சொன்னார். சித்தப்பா வந்து வாசலிலேயே நின்றார். அப்பா "இரி" என்றார். அவ்வளவுதான் இருவரும் கதைத்தது.

ஆஸ்பத்திரி பற்றியும் ஒன்று. நோய் தீராது என்று வைத்தியர்கள் உறுதியாகச் சொன்ன பிறகு, தூரத்தில் இருக்கிற மனவேதனையில், எப்படியாவது வென்டிலேட்டரில் வைத்திருங்கள் என்று தொலைபேசியில் அக்காவை நெருக்காதே. பாரமான, பயனுக்கு மிஞ்சிய சிகிச்சையை நிறுத்துவதைத் திருச்சபை கொலையாகக் கருதவில்லை; வலிக்கு மருந்து கொடுப்பதையும் தடுக்கவில்லை. தண்ணீரும் உணவும் சாதாரணப் பராமரிப்பும் இருக்கட்டும். சுவாமியைக் கூப்பிடுவதில்தான் நீ அவசரம் காட்டவேண்டும்.

என் பக்கத்து ஆயத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. படுக்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்கிறேன். நன்மரணத்தின் பாதுகாவலரான சூசையப்பரிடம் மன்றாடுகிறேன். யாருக்கும் கடன் இல்லை. சீட்டுக் காசு முழுவதும் கட்டி முடிந்தது. முன்பு மன்றாட்டு மாலையில் சடுதி மரணத்திலிருந்து எங்களை இரட்சித்தருளும் என்று கேட்போம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிறு காலை நாவலடியையும் கல்லடியையும் கடல் அள்ளிச்சென்றதற்குப் பிறகு, அந்த வரியைச் சும்மா சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. எண்ணெயும் வழியுணவும் இல்லாமல் போன அத்தனை பேரையும், சிலுவையில் கடைசி நேரத்தில் கேட்ட கள்வனை ஏற்றுக்கொண்டவர் கைவிட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

நீ செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். நவம்பர் 1 முதல் 8 வரை ஏதாவது ஒரு சேமக்காலைக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபிக்கிறவர், பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, பாப்பரசரின் கருத்துக்காகவும் செபித்து, பாவத்தின்மேல் பற்று எதுவும் வைக்காதிருந்தால், ஓர் ஆத்துமாவுக்குப் பரிபூரண பலனை, அதாவது பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலையை, பெற்றுக்கொடுக்கலாம். அது கள்ளியங்காடாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சேமக்காலையும் போதும். இங்கே இந்த முறையும் நவம்பர் 2ஆம் திகதி மழைதான். அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலுக்குள் மெழுகுதிரியை வைத்தால் அணையாது என்று அக்காவின் மகன் கண்டுபிடித்திருக்கிறான். சுவாமிகள் அன்று மூன்று பூசை வைக்கலாம் என்ற அனுமதி 1915இல், முதலாம் உலக யுத்தத்தில் இளைஞர்கள் குவியல் குவியலாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 15ஆம் பெனடிக்ட் பாப்பரசர் கொடுத்தது. ஆகவே உங்கள் கோவிலிலும் அன்று உனக்கு வசதியான நேரத்தில் ஒரு பூசை இருக்கும். இந்த மாதம் முடியுமுன் அப்பாவுக்காக ஒரு பூசைக்கு அங்கே காசு கட்டிவை. பேரப்பிள்ளைகளுக்கு நித்திய இளைப்பாற்றிச் செபத்தைத் தமிழில் படிப்பி. மூத்தவன் ஆங்கிலத்தில் சொல்கிறான் என்று மருமகள் சொன்னா. அதுவும் நல்லதுதான், ஆனால் என்னுடைய கல்லறையில் தமிழில் சொல்லட்டும்.

அடுத்த வருடம் வரும் திகதியை முன்கூட்டியே எழுது. செப்டெம்பர் தொடக்கத்தில் வந்தால் ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்குச் சேர்ந்து போகலாம். இப்போதே வான் பேசிவைத்தால்தான் கிடைக்கும் என்று அக்கா சொல்கிறாள்.

அன்புடன்,
அம்மா