முகவரி மட்டும் போதாது: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலேசியச் சுகாதார அமைச்சருக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இரத்தக்குழாய் அழற்சி நோயாளிகளைப் பதியும்போது, அவர்கள் இன்று குடியிருக்கும் இடத்தோடு, இதற்கு முன் எங்கெங்கு வாழ்ந்தார்கள், என்னென்ன வேலை பார்த்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுவதைக் கட்டாயமாக்குமாறு கோரியே இம்மடலை எழுதுகிறேன்.

உடலின் எதிர்ப்பாற்றலே இரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்கும் இந்நோயில் பல வகைகள் உண்டு. அவற்றுள், 'ஆன்கா' என்னும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்படும் வகையில் மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வரலாம், சிறுநீரில் இரத்தம் கலக்கலாம், சில வாரங்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். வாழிடம் பற்றிய கேள்வி அதிகம் எழுவதும் இவ்வகையில்தான். இங்கிலாந்தின் நார்விச் வட்டாரத்தில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு, இத்தகைய அழற்சிக்கும் வேளாண் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. கல், மணல், கான்கிரீட் ஆகியவற்றிலிருந்து எழும் சிலிக்கா தூசியோடும் தொடர்பு கண்டறியப்பட்டுள்ளது. இவை தொடர்புகள் மட்டுமே. இதுதான் காரணம் என்று இன்னும் எவரும் நிறுவவில்லை. நிறுவுவதற்குத்தான் முறையான பதிவு வேண்டும்.

நம் நாட்டில் நகரம், கிராமம் என்று ஆளைப் பிரிப்பது எளிதன்று. செந்தூல் அடுக்குமாடியில் வாழும் அறுபது வயது அம்மா ஒருவரை எண்ணிப் பாருங்கள். அடையாள அட்டைப்படி அவர் கோலாலம்பூர்வாசி. ஆனால் தோட்டம் விற்கப்பட்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறும் வரை, முதுகில் தெளிப்பானைச் சுமந்து செம்பனை மரங்களுக்கிடையே மருந்தடித்தவர் அவர். 2020 சனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லியையும் வாளியில் கலக்கியிருப்பார். வேலை என்னவென்று கேட்டால், இன்றைய நிலையைச் சொல்லி 'இல்லத்தரசி' என்றே பதிலளிப்பார், அதில் பொய்யுமில்லை. அவருடைய மகனோ நகரத்திலேயே பிறந்து, கட்டுமானத் தளத்தில் கான்கிரீட்டைத் துளைத்துச் சிலிக்கா தூசியைச் சுவாசிப்பவன். முகவரியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இருவரும் ஒரே பட்டியலில் 'நகரவாசிகள்' ஆகிவிடுவார்கள்.

ஆகவே, சிறுநீரக, மூட்டுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகளில், பிறந்து வளர்ந்த இடம், ஒவ்வோர் இடத்திலும் வாழ்ந்த காலம், அங்கே பார்த்த வேலை, மருந்தடித்ததும் தூசியில் நின்றதும் உண்டா என்ற கேள்விகளை, நோயாளிக்குப் புரியும் மொழியில் தாதியர் கேட்டுப் பதிய ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் முதலில் தொடங்கலாம். தோட்டப்புறங்களிலிருந்து குடிபெயர்ந்த பலர் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதும் ஏறிவருகிறது.

இப்படிக்கு,
கோலாலம்பூர்வாசி ஒருவர்