ஆப்பிள் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கடந்த ஆண்டின் அறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

நிர்வாகக் குழு வழக்கம்போலக் கூடியது. போதிய பேர் வராததால் சில கூட்டங்களைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. கவாத்துப் பயிற்சி நடந்தது. ஒட்டுக்குச்சிப் பரிமாற்றமும் நடந்தது. அறுவடைக்குப் பிந்தைய கூட்டம் மழையால் நின்றுபோனது.

அடுத்தது மகரந்தப் பரிசோதனை. சங்கப் பணத்தில் மைக்ரோஸ்கோப் வாங்கியது வீண்செலவு என்று சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. கூட்டத்தில் எழுந்து கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, அதனால் இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

காய்ப்பிடிப்பு குறைந்தால் நாம் முதலில் தேனீயைக் குறை சொல்கிறோம், அப்புறம் குளிரை. தேனீ சுமந்து வந்த தூளில் உயிர் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆப்பிள் பூவில் ஐந்து சூலறைகள், அறைக்கு விதையாக வேண்டிய சூல்கள் இரண்டு என்பது பொதுக்கணக்கு. அவற்றில் சிலதான் கருவுற்றால் காய் ஒருபக்கம் சூம்பும், அல்லது சிறிதாக இருக்கும்போதே உதிரும். உதிர்ந்த காயை வெட்டி விதையை எண்ணினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அதைக்கூடச் செய்து பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

நாங்கள் செய்த முறை இதுதான். இதழ் விரியாமல் பலூன்போல் உப்பிய மொட்டுகளைப் பறித்து, மகரந்தப்பைகளைச் சல்லடையில் தேய்த்துப் பிரித்தோம். காகிதத்தில் மெல்லிசாகப் பரப்பி, வெயில் படாத அறையில் ஒருநாள் உலரவிட்டோம். பைகள் வெடித்து மஞ்சள் தூள் கிடைத்தது. அதில் ஒரு சிட்டிகையை அசிட்டோகார்மைன் சாயத்தில் போட்டால், உள்ளீடு நிறைந்த மகரந்த மணிகள் சிவப்பாகும், வெற்றுக்கூடுகள் வெளுத்தே நிற்கும். இது சில நிமிட வேலை. ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. சூட்டில் செத்த மகரந்தமும் சாயம் ஏற்றுக்கொள்ளும். விளக்கின் அடியில் வைத்து அவசரமாக உலர்த்திய ஒரு மாதிரி சாயத்தில் அருமையாகச் சிவந்தது, முளைக்கப்போட்டபோது ஏறக்குறைய எதுவும் முளைக்கவில்லை.

அதனால் முளைப்புச் சோதனைதான் முக்கியம். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு சர்க்கரை, கூழை உறையவைக்க ஒரு பங்கு அகர், துளி போரிக் அமிலம் சேர்த்த கூழில் தூளைத் தூவி, 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். சில மணி நேரத்தில், பூவில் சூலைத் தேடிப் போகும் அதே மகரந்தக் குழாய் கிளம்பும். குழாயின் நீளம் மணியின் விட்டத்தைத் தாண்டியிருந்தால் முளைத்ததாகக் கணக்கு. கொத்தாக விழுந்த இடத்தை எண்ணக்கூடாது, பரவலாக விழுந்த இடங்களில் பல பார்வைப் புலங்களை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் காய்ந்து கிடந்த தூளை நேராக ஈரக் கூழில் போட்டால் நல்ல மகரந்தமும் வெடித்துப் பாழாகும். முதலில் ஈரக்காற்றில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பது அவசியம்.

கோல்டன் டெலிசியஸ், காலா போன்ற ரகங்கள் நன்றாக முளைத்தன. ஜோனகோல்ட், முட்சு, பிராம்லி மூன்றும் ஏமாற்றின. இவற்றுக்கு 34 குரோமோசோம்களுக்குப் பதில் 51. இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று இருப்பதால் சமமாகப் பிரிய முடியாமல், பெரும்பாலான மணிகள் சிறுத்தோ வெறுமையாகவோ போகின்றன. நூல்களில் உள்ள செய்திதான் இது. ஆனால் நம் தோட்டத்துப் பூவில் கண்ணால் பார்த்தபின் யாரும் அந்த மரங்களை மகரந்தம் தரும் மரம் என்று நட மாட்டார்கள்.

ஒரு உறுப்பினரின் தோட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஜோனகோல்ட், முட்சு, கோல்டன் டெலிசியஸ் மூன்றும் கலந்து நட்டிருக்கிறார். பூவுக்குக் குறைவில்லை, காய்தான் இல்லை. தேனீப் பெட்டிகளைக் கூட்டியும் பலன் இல்லை. அவருடைய கோல்டன் மகரந்தம் எங்கள் கூழில் மிக நன்றாக முளைத்தது. அப்படியானால் கோளாறு எங்கே? ஆப்பிளில் S மரபணு என்று ஒன்று உண்டு. அதில் S2, S3 என்று எண்ணிட்ட பல வகைகள், ரகத்துக்கு ரகம் மாறும்; சாதாரண ரகத்தில் இரண்டு இருக்கும், அதன் மகரந்த மணி ஒவ்வொன்றுக்கும் அவற்றில் ஒன்றுதான் போகும். மகரந்தத்தில் இருக்கும் S வகை, குழாய் இறங்க வேண்டிய சூல்தண்டிலும் இருந்தால், குழாய் பாதி வழியிலேயே நின்றுவிடும். கோல்டனுக்கு S2, S3. ஜோனகோல்டும் முட்சுவும் கோல்டனின் வாரிசுகள், அந்த இரண்டும் அவற்றிலும் உள்ளன. ஆக, கோல்டன் மகரந்தத்தை அவை ஏற்காது. கோல்டனும் தன்னுடையதை ஏற்காது. மற்ற இரண்டிலிருந்தும் அதற்கு உருப்படியான மகரந்தம் வராது. அவ்வளவு மரம் இருந்தும் மூன்றும் பட்டினி! காலாவுக்கு S2, S5. அதன் மகரந்தத்தில் S5 உள்ள பாதியாவது மூன்றிலும் வேலை செய்யும். ரெட் டெலிசியஸாக இருந்தால் S9, S28. கோல்டனுக்கு முழுப் பொருத்தம். பூக்கும் காலம் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். அடுத்த பருவத்துக்குச் சில கிளைகளில் காலா ஒட்டுக் கட்டியிருக்கிறார். மைக்ரோஸ்கோப் இல்லாமல், மகரந்தம் நல்லது, தடை பொருத்தத்தில்தான் என்று பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. வாங்கியதற்கு இந்த ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து.

மாதிரி தருவதாகக் கைதூக்கியவர்கள் நிறையப் பேர். தந்தவர்கள் சிலர். தந்தவர்களிலும் சிலர் முழுதாக விரிந்த பூக்களை பிளாஸ்டிக் பையில் கட்டி, மறுநாள் அனுப்பினார்கள். தூள் ஏற்கனவே கொட்டியிருந்தது, மிச்சம் வியர்த்துப் பூஞ்சை பிடித்திருந்தது. பூக்காலத்தில் பூஞ்சைக்கொல்லி தெளித்த நாளைக் குறித்துத் தாருங்கள் என்று சுற்றறிக்கையில் கேட்டிருந்தேன். கேப்டான் போன்ற மருந்துகள் மகரந்தம் முளைப்பதைத் தடுக்கும் என்பதால்தான் கேட்டேன். பெரும்பாலோர் பதிலே தரவில்லை. வருத்தமாக இருக்கிறது.

கணக்கைப் பொருத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சமம். பெரிய செலவு மைக்ரோஸ்கோப்பும் சாயங்களும். விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி மட்டும் முழுதாக வந்திருந்தால் கையிருப்பு கௌரவமாக இருந்திருக்கும். தொடர்ந்து பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை இந்த ஆண்டு வாசிக்கப்போவதில்லை. ஆனால் அவர்களில் சிலர்தான் தங்கள் ரகங்களின் முடிவை முதலில் கேட்டு வாங்கிச் சென்றவர்கள் என்பதை இந்தச் சபை அறிய வேண்டும்.

இடம் தந்தவருக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், பூக்காலத்தில் இரவு வரை உடனிருந்து மணிகளை எண்ணித் தந்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். பூக்காலம் குறுகியது, பல ரகங்கள் ஒரே வாரத்தில் மொட்டு விடும். என்னால் தனியாகச் செய்ய முடியாது. கூழ் தயாரிக்க ஒருவர், எண்ணுவதற்கு இருவர், தோட்டந்தோறும் மொட்டு சேகரிக்க ஒருவர் கிடைத்தால், முன்கூட்டியே மகரந்தத்தை உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு உறைநிலைப் பெட்டியில் சேமிக்கலாம். அப்படி வைத்தால் அடுத்த பூக்காலம் வரைகூடத் தாங்கும். தாமதமாகப் பூக்கும் ரகங்களுக்குக் கைமகரந்தச் சேர்க்கையும் செய்யலாம். ஆள் கிடைக்காவிட்டால் கருவி பெட்டியிலேயே இருக்கும். பொறுப்பேற்க விரும்புகிறவர்கள் இன்றைய கூட்டம் முடிவதற்குள் பெயர் தரலாம். சந்தா பெறுவதற்குப் பொருளாளரும் வாசலருகே மேசை போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்